சிறுவாடு இருவருக்கும் வேண்டும்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் ஓடினால் வாரம் 5,200 ரூபாய். சனிக்கிழமை சம்பளம் பேங்கில் ஏறியதும் எடுத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். டீச் செலவுக்குத் தினமும் 30 ரூபாய் மனைவியிடம்தான் வாங்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் "நேத்துக் குடுத்தது என்னாச்சுங்க?" என்பாள். வெட்கமாக இருந்தது. அதனால் ஆறு மாதமாக வாரம் 400 ரூபாயை நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். போன வாரம் பையன் என் செல்லில் விளையாடும்போது, காளான் கடைக்குப் பணம் போன கணக்கைப் பார்த்து அவளிடம் காட்டிவிட்டான். "ஏனுங்க, அறுவது ரூவாய்க்குக் காளான் தின்னீங்களே, எங்களுக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வரோணும்னு தோணலையா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை. அவளும் வீட்டிலிருந்தே பிசிர் வெட்டி வாரம் 700 சம்பாதிக்கிறாள். அதை வீட்டுச் செலவில் போட்டுவிடுவாள். மாதம் ஆயிரம் உரிமைத்தொகை வருகிறது. அதைப் பையன் பீஸுக்குச் சீட்டு கட்டுகிறாள். நான் உழைக்கிற காசில் 400 ரூபாய்க்கு எனக்கு உரிமை இல்லையா?

- பெயர் வேண்டாம், அனுப்பர்பாளையம்

பதில்: உரிமை இருக்கிறது. வாரம் முழுக்க மிஷினில் குனிந்து உட்கார்ந்தவர் ஒரு டீக்குக் கை நீட்டி நிற்பது வேதனைதான். ஆனால் நீங்கள் எழுதிய கணக்கை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

டீக்கு வாங்குவது ஆறு நாளைக்கு 180. நிறுத்திக்கொண்டது 400. ஆக, வாரம் 580 ரூபாய் உங்கள் கைச்செலவுக்கு இருந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு? பிசிர் வெட்டிய 700 ரூபாய் அரிசி பருப்போடு போய்விட்டது. உரிமைத்தொகை பையன் பீஸுக்குப் போகிறது. தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. கைக்காசே இல்லாமல் இருப்பவர் அவர்தான்.

பர்ஸ் அவரிடம் இருப்பதால் அதிகாரம் அவரிடம் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. லைன் வீட்டு வாடகை, சிலிண்டர், பால் கணக்கு, முகூர்த்த மாதம் வந்தால் வரிசையாக வந்து விழும் பத்திரிகைகளுக்கு மொய் என்று எல்லாவற்றையும் சமாளிக்கிற வேலைதான் அவரிடம் இருக்கிறது. வியாழக்கிழமையே காசு தீர்ந்துவிடும் என்று தெரிந்தவர் "நேத்துக் குடுத்தது என்னாச்சு" என்று கேட்கத்தான் செய்வார். அது உங்கள்மேல் சந்தேகப்பட்டுக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பற்றாக்குறையைத் தனியாகச் சுமக்கிறவரின் பயம் அது. ஆனால் அந்தக் கேள்வி தினமும் உங்களைக் குத்தியிருக்கிறது என்பதும் நிஜம். அதை அவரிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா? சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

அவர் கேட்ட கேள்வியையும் நீங்கள் எழுதிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். 400 ரூபாய் எங்கே என்று அவர் கேட்கவில்லை. எங்கள் நினைப்பு வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். அதற்கு உரிமை பேசிப் பதில் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் சிறுவாடு என்று, வீட்டுப் பெண்கள் தங்களுக்கென்று தனியாகக் காசு சேர்த்து வைக்கிற ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கம் என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சந்தையில் முட்டையும் வெண்ணெயும் விற்ற காசைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். அப்புச்சிக்கு, அதாவது தாத்தாவுக்கு, அந்த டப்பா இருக்கும் இடமே தெரியும். எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவானது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பேரன் பேத்திக்குத் தேர்க்கடையில் வளையலும் பொரியும் வாங்கித் தந்தது அந்தக் காசுதான். சிறுவாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது: இருப்பது தெரியும், கேட்க மாட்டார்கள். பல வீடுகளில் அது முழுக்க ஒளித்து வைக்கிற காசாகவும் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், எத்தனையோ பெண்கள் புடவை மடிப்பிலும் அரிசிப் பானையிலும் இருந்ததை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒளித்து வைத்த காசு ஒருநாள் இப்படித்தான் வெளியே வரும். உங்களுக்கு அது செல்போன் வழியாக வந்திருக்கிறது.

ஆகவே உங்கள் இரண்டு பேருக்கும் சிறுவாடு வையுங்கள், தெரிந்தே வையுங்கள். சனிக்கிழமை முழுச் சம்பளமும் அவருடைய 700 ரூபாயும் சேர்ந்தால் 5,900. அதில் முதலில் ஆளுக்கு 300 எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு மிச்சம் 5,300. இதுவரை வீட்டுக்கு நின்றது எவ்வளவு? நீங்கள் கொடுத்த 4,800, அவருடைய 700, அதில் உங்கள் டீக்குத் திரும்பிப் போன 180 கழித்தால் 5,320. வித்தியாசம் 20 ரூபாய். வீடு கவிழ்ந்துவிடாது. குறைவது உங்கள் கையில்தான், 280 ரூபாய். அது அவருக்குப் போகிறது.

நான் அதிகம் சம்பாதிக்கிறேன், எனக்கு ஏன் அதே முந்நூறு என்று உங்களுக்குத் தோன்றலாம். சமையல், துணி, பையன் படிப்பு என்று அவர் பார்க்கிற வேலைக்கு யாரும் ஷிப்ட் கணக்குப் போடுவதில்லை. அதனால் சரிசமமாகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த முந்நூறு எதற்குப் போனது என்று இரண்டு பேரும் கேட்கக் கூடாது. அவர் பூ வாங்கலாம், சேர்த்து வைத்துத் தங்கச்சிக்குச் சேலை எடுக்கலாம், நீங்கள் காளான் சாப்பிடலாம். ஆனால் வண்டிக்குப் பெட்ரோல், உங்கள் அம்மாவுக்கு மருந்து, மொய், பையன் நோட்டு எல்லாம் வீட்டுச் செலவு. அவற்றை யாருடைய முந்நூறிலும் தள்ளக் கூடாது. பெரும்பாலும் பெண்கள் கைக்காசுதான் இப்படிக் கரையும். வீட்டுப் பணத்தில் ஆயிரத்துக்கு மேல் எது வாங்கினாலும் இருவரும் பேசிவிட்டு வாங்குங்கள்.

செல்லில் செலவு செய்து பழகிவிட்டீர்கள் என்றால் சின்னச் செலவுக்கென்று செல்லிலேயே தனிப் பர்ஸ் மாதிரி இருக்கிற யூபிஐ லைட்டில் சனிக்கிழமை 300 ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே பணம் போகும். உள்ளே வைத்தது தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். பாஸ்புக்கிலும் டீக்கடை வரிசை வராது.

ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்டாகிவிட்டால் முந்நூறை இருநூறாக்குங்கள், நூறாகக்கூட ஆக்குங்கள். இருவருக்கும் ஒன்றாகக் குறையட்டும், ஒருவருக்கும் நின்றுபோக வேண்டாம். காசு இறுகுகிற வாரத்தில்தான் பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்டுச் சண்டை வரும்.

இதையெல்லாம் அவரிடம் பேசுவதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறு மாதம் என்றால் 26 வாரம், 10,400 ரூபாய். அவர் பார்த்தது அறுபது ரூபாய்க் கணக்கு மட்டும். அவராகக் கூட்டிக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் முழுத் தொகையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். டீக்குக் கேட்க வெட்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கடிதமாக எழுத முடிந்த உங்களால் அதை அவரிடம் சொல்லவும் முடியும். பையன் தூங்கியதும் பேசுங்கள். காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அவன் பயந்துகொண்டிருக்கக் கூடும். மறுநாள் அவன் தலையைத் தடவி ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது காளான் இரண்டு பொட்டலம் கட்டச் சொல்லுங்கள். அந்தக் காசு உங்கள் முந்நூறிலிருந்து போகட்டும்.