எனக்குத் தலசீமியா மைனர்: திருமணத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் வயது 27. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 5.4 சதவீதம், 'பீட்டா தலசீமியா மைனர்' என்று வந்திருக்கிறது. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட், "மூன்று மாதம் மருந்து சாப்பிட்டால் மாறிவிடும், அதுவரை மாப்பிள்ளை வீட்டில் சொல்லாதீர்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், நீங்கள் நோயாளி இல்லை. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு ஒன்று உங்களிடம் பழுதாக இருக்கிறது. அதன் ஜோடி நன்றாக இருப்பதால் உங்கள் உடல் சமாளித்துக்கொள்கிறது. திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் ரத்தத்தை இந்த வாரமே பரிசோதிக்க வேண்டும். உங்கள் கேள்விக்கு விடை அவருடைய ரத்தத்தில்தான் இருக்கிறது.

அவருக்கு இந்த வகைக் குறை எதுவும் இல்லையென்றால், உங்கள் குழந்தைகளுக்குக் கடுமையான தலசீமியா வராது. அதிகம் போனால் உங்களைப் போலவே மைனராக இருப்பார்கள். அவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்தக் கடுமையான வகை ('மேஜர்') வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 'நான்கு குழந்தைகளில் ஒன்று' என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். முதல் குழந்தை நன்றாகப் பிறந்ததால் அடுத்த குழந்தைக்கான ஆபத்து குறைந்துவிடாது. மேஜர் தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து வெளிறத் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்திலிருந்து இதயத்திலும் கல்லீரலிலும் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து.

இப்போது அந்த ஏஜென்ட். இப்படிப்பட்டவர்களால் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கருவிலேயே வந்த மரபணுவை எந்த மருந்தும் மாற்றாது. மூன்று மாதம் கழித்து வெறும் ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து, "12 வந்துவிட்டது, குணமாகிவிட்டது" என்று காகிதத்தை நீட்டுவார்கள். இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் ஏ2 அளவைத் திரும்பப் பார்க்கவே மாட்டார்கள். அவரிடம் இனி ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள். மாப்பிள்ளையிடம் மறைக்கவும் மறைக்காதீர்கள். இன்று மறைத்தால், கர்ப்பத்தின் ஐந்தாவது மாதத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு எங்களிடம் வந்து நிற்பீர்கள்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு பதில் வரக்கூடும்: "பையனுக்கு ஹீமோகுளோபின் 15, அவனுக்கு எதற்குப் பரிசோதனை?" இதை ஏற்காதீர்கள். சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் 'அரிவாள் செல்' குறையின் கேரியராக (உங்களைப் போல ஒரே ஒரு பழுதான மரபணுவைச் சுமப்பவராக) இருப்பவருக்கு சாதாரண ரத்த அணுப் பரிசோதனை முழுக்க நார்மலாகவே வரும். அணுக்களின் அளவும் சரியாக இருக்கும், அவரும் திடமாக நடமாடுவார். எச்பிஎல்சி என்ற, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனையில்தான் அது வெளிப்படும். அவருடைய அரிவாள் செல் மரபணுவும் உங்கள் தலசீமியா மரபணுவும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் அரிவாள் செல் நோய் வரும். அதுவும் கடுமையாக இருக்கலாம். "அவருக்குத் தலசீமியா இல்லை" என்ற ஒற்றை வரி போதாது. ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, எச்பிஎல்சி இரண்டும் வேண்டும். கடந்த மூன்று நான்கு மாதங்களில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதைப் பரிசோதனைக்கு முன்னரே ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒன்று எனக்குத் தீராத ஆதங்கம். உங்கள் பழைய ரத்தப் பரிசோதனைகளில் சிவப்பணுக்கள் சிறியவை என்று பல முறை வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கல்லூரி வயதிலேயே செய்திருக்க வேண்டிய பரிசோதனையைத் திருமண நாள் குறித்த பிறகு செய்து, 'மருத்துவரை அணுகவும்' என்று அச்சடித்துக் கையில் திணிக்கிறோம். விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இல்லை. சைப்ரஸில் 1983 முதல் தேவாலயத் திருமணத்துக்கு இந்தப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். முடிவு எதுவானாலும் திருமணத்தைத் தடுப்பதில்லை. கேரியர் ஜோடிகளில் பெரும்பாலோர் மணந்துகொண்டார்கள், ஆனாலும் நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கே மிகவும் அரிதாகிவிட்டார்கள்.

இருவருக்கும் குறை இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே சேர்ந்து மரபணு ஆலோசகரைப் பாருங்கள். இருவரின் மரபணுப் பிழையும் துல்லியமாகத் தெரிந்திருந்தால், சுமார் 11-ஆவது வாரத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துக் குழந்தையின் நிலையை அறியலாம். கருத்தரித்த பிறகு பிழையைத் தேடத் தொடங்கினால் அந்த வாரங்கள் கடந்துவிடும். உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் இப்போதே எச்பிஎல்சி செய்யுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.