பீடி இலையும் பிக்சர் டியூபும்

கேள்வி: பீடி சுற்றித்தான் என் மகனைச் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்க வைக்கிறேன். லீவுக்கு வந்தவன், நான் தகடு வைத்து வெட்டியதுபோக மிஞ்சிய இலைத் துண்டுகளைப் பொறுக்கி, நூலால் தைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு திரை செய்திருக்கிறான். பக்கத்தில் யாராவது போனால் சென்சார் வழியாகக் கத்தரிச் சத்தம் கேட்கும். "குப்பையைத் தைக்கவா படிக்கப் போனான்?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது கலைதானா?
- ஒரு தாய், முக்கூடல்

பதில்: கலைதான் அம்மா. எல் அனட்சூயி என்று ஒரு சிற்பி, 1944-ல் கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் சிற்பம் கற்றுக்கொடுத்தவர். மதுபாட்டில் மூடிகளைத் தட்டி நெளித்து, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் முழுக்கத் தொங்கும் பட்டு மாதிரி ஆக்கிவிடுவார். ஐரோப்பிய வியாபாரிகள் சாராயத்தைக் கொடுத்து ஆப்பிரிக்காவில் மனிதர்களையே வாங்கிப்போன கதை அந்த மூடிக்குள் இருக்கிறது. 2015-ல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது அவருக்குத்தான் கிடைத்தது. மூடிக்கு ஒரு கதை இருந்தால், உங்கள் விரல் பட்ட இலைக்கு இல்லாமலா போகும்?

ஆனால் சென்சார் வைத்ததாலேயே ஒன்று கலையாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்றிவிட்டால் எதுவும் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா, சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகளை 100 மைக்குகள் வழியாகவே ஒலிக்க வைத்தார். பேச்சை வாங்குகிற கருவியையே ஸ்பீக்கராக மாற்றிப் பேச வைத்ததில்தான் அந்தப் படைப்பின் உயிர் இருக்கிறது. உங்கள் வீட்டுத் திரையிலும் அப்படித்தான். உங்கள் ஊர்த் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அந்தக் கத்தரிச் சத்தம் கேட்கும், யாரும் நின்று கேட்பதில்லை, தம்பி நிற்க வைக்கிறார். ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: அந்தச் சத்தம் இணையத்தில் எடுத்ததா, உங்கள் கத்தரியா? இணையத்தில் எடுத்தது என்றால், நீங்கள் சுளகை மடியில் வைத்து வெட்டும்போது பதிவு செய்து மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்துங்கள்.

கேள்வி: 30 வருடமாக டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டி.வி.க்களை அடுக்கிக் கலை செய்த ஒருவரைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். செட் கெட்டுப்போனால் அந்தக் கலை என்ன ஆகும்?
- ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: அவர் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக். 1988-ல் சியோலுக்குப் பக்கத்தில் 1,003 டி.வி.க்களைக் கோபுரமாக அடுக்கினார். பத்தாம் மாதம் மூன்றாம் தேதி, அதாவது அக்டோபர் 3, கொரியர்களின் தேசிய நாள், அந்தக் கணக்கு. நீங்கள் கேட்டதுதான் அங்கேயும் நடந்தது. செட்டுகள் ஒவ்வொன்றாகப் போய், 2018-ல் மொத்தமாக அணைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எல்.சி.டி. தட்டைத் திரையாக மாற்றிவிடலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் 737 பழைய செட்டுகளைச் சரிசெய்து, முடியாத 266-ஐ மட்டும் மாற்றி, 2022-ல் மறுபடி ஓடவிட்டார்கள்.

அந்த 737-ஐக் காப்பாற்றியதுதான் சரி என்பது என் கட்சி. இதே பைக் 1965-ல் ஒரு டி.வி. மேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தையே வளைத்துக் காட்டினார். ஏன் வளைகிறது என்று மற்றவர்களுக்கு விளக்க எனக்கு ஒரு பத்தி தேவைப்படும், உங்களுக்குத் தெரிந்ததுதான், பிக்சர் டியூபுக்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் திருப்பிவிடுகிறது. தட்டைத் திரையில் எவ்வளவு பெரிய காந்தத்தை வைத்தாலும் அந்த உருவம் வராது. டியூப் போனால் அந்தக் கலையும் போச்சு.

அதனால் அண்ணாச்சி, ஓடுகிற நிலையில் இருக்கும் டியூப்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முக்கூடல் தம்பி மாதிரி பிள்ளைகளுக்கு டியூபும் வேண்டும், அதைத் திறந்து பார்த்த உங்கள் கையும் வேண்டும். கடை முகவரியை எங்களுக்கு அனுப்பிவையுங்கள், கேட்கிற மாணவர்களிடம் கொடுக்கிறோம்.