பூவரசு, பலா, பழைய கதவு: பெட்டி செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, வீடு இடித்த இடத்தில் பழைய தேக்குக் கதவுச் சட்டம் கிடைத்தது. அப்படியே இழைக்கலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் நல்ல காந்தத்தை நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளியின் வாய் போய்விடும். பிடுங்க வராத ஆணியைச் சுற்றி மெல்லிய துளைகள் போட்டு, மரத்தோடு சேர்த்து எடுத்துவிட்டு, அதே மரத்தில் முளை செதுக்கி அடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாக உப்புத்தாள் போடாமல், தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறைக்கு, 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் ஆக்சாலிக் ஆசிட் கரைத்துத் தடவி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒட்டும்போது இன்னொன்று: தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோனில் துடைத்து, ஆறவிடாமல் உடனே பசை தடவுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: தானே புயலில் (2011 டிசம்பர்) விழுந்த பலாவை அறுத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். இத்தனை வருஷம் காய்ந்த மரம் இனி அசையாதுதானே, சார்?

அசையும். எவ்வளவு காய்ந்தாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். நம் பக்கம் மே மாத வெயிலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் நடுவே 150 மி.மீ. அகலப் பலகை 1 முதல் 2 மி.மீ. வரை கூடிக் குறையும். நீளவாட்டில் அசைவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். புதிதாக வந்த பெட்டி ஆறு மாதத்தில் பிளக்க இதுதான் முதல் காரணம்: அடிப்பலகையை நான்கு பக்கமும் ஒட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, தடித்த பலகையை நடுவில் பிளந்தால் உள்முகம் வளையும். பிளந்த துண்டுகளை இடையே சட்டம் வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை ஒரே துண்டை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறாவிட்டால் கடைசி இழைப்புக்கு எடுக்கலாம். பலாவின் மஞ்சள் வெயில் படப்பட பழுப்பாகும். மஞ்சளாகவே நிற்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அப்படியானால் அடிப்பலகையை எப்படி மாட்டுவது? அளவோடு சொல்லுங்கள்.

வெளி அளவு 250 × 150, உயரம் 96, பக்கப் பலகை 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலையில் 12 மி.மீ. விரல் மூட்டு (இரு பலகை நுனியிலும் பல் வெட்டி, விரல் கோத்தது போல் மாட்டுவது) எட்டுப் பங்காகச் சரியாக விழும். கீழ் விளிம்பிலிருந்து 6 மி.மீ. விட்டு, 6 அகலம், 5 ஆழத்தில் பள்ளம். உள் அளவு 226 × 126. பள்ளத்தையும் சேர்த்தால் 236 × 136. ரேகையை (நார் ஓடும் வாட்டத்தை) நீளவாட்டில் வைத்து, மே மாதம் செய்தால் 235 × 133 என்று வெட்டுங்கள். மழையில் ஊத இடம் இருக்கும். நவம்பரில் செய்தால் 235 × 135 போதும், வெயிலில் சுருங்கும்போது பள்ளத்தை விட்டு வெளியே வராது. குறுக்குப் பக்கங்களின் நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. கீழ் மூலையில் விரல் உள்ள நீளப் பலகையில் பள்ளத்தை நுனிக்கு 7 மி.மீ. முன்னால் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வெளியே ஓட்டை தெரியும்.

வில்லியனூரிலிருந்து: உள்ளூர் மரத்தில் பெட்டிக்கு எது?

என் தேர்வு பூவரசு. வைரம் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) சிவந்த பழுப்பில் வரும், வழவழப்பாக முடியும், கடற்கரை ஊர்களில் சுலபமாகக் கிடைக்கும். இதை விறகுக்கு எடை போட்டு விற்பதைப் பார்க்க மனசு வலிக்கிறது. வாகையும் அழகுதான், ஆனால் ரேகை எதிரெதிராக ஓடுவதால் இழைப்புளி பிய்க்கும். கத்தியைக் கூராக்கி மிக மெல்லிய சீவலாக எடுங்கள். கடைசியில் தகட்டுச் சுரண்டியால் (மெல்லிய எஃகுத் தகட்டால்) சுரண்டி முடியுங்கள். வாகைத் தூசி தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் கட்டாயம். பனஞ்சட்டத்தின் நார் சிலாம்பு குத்தும், மூடியில் பட்டையாக வைக்க மட்டும் நல்லது.

பரங்கிப்பேட்டையிலிருந்து: புளியமரப் பெட்டியில் தினமும் மாவு கொட்டுகிறது!

வண்டு. வெளிறிலுள்ள, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்ந்த மரத்திலுள்ள மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. வைரத்துக்குப் பெரும்பாலும் போகாது. அடுத்த முறை வெளிறை முழுக்க வெட்டி எறியுங்கள். பாலிஷ் போடாத மரமென்றால் 1 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் ஆசிட் கரைத்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். பாலிஷ் போட்ட பெட்டியில் மருந்து இறங்காது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே 2 வாரம் வையுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: அஞ்சறைப் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் இரண்டும் உலராது, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். உணவுக்கேற்ற மினரல் ஆயிலில் தேன்மெழுகு உருக்கித் தேயுங்கள். மேலே சொன்ன வெண்கார மருந்து இதில் கூடவே கூடாது. வெளிப்பக்கம் அரக்குப் பாலிஷ் போடுவதாக இருந்தால் அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் அரக்கு. மழை நாளில் போடாதீர்கள், வெள்ளை பூத்துவிடும். கீலுக்குப் பித்தளைத் திருகாணிதான், இரும்பு உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஆனால் பித்தளை முறுக்கினால் ஒடியும்: துளை போட்டு, அதே அளவு எஃகுத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள்.