ஒட்டிக்கொண்டு வரும் வேன், கண்ணைக் கூசவைக்கும் லைட், வீட்டுக்கு வரும் கோபம்: டிரைவிங் பயிற்சியாளரின் பதில்கள்

சென்னையில் 22 வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். கிளட்சும் கியரும் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் வந்துவிடுகின்றன. பக்கத்து வண்டிக்காரரோடு ரோட்டைப் பகிர்ந்துகொள்வதுதான் பலருக்குக் கடைசிவரை வருவதில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்தன.

தினமும் ஸ்கூட்டரில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போகிறேன். பின்னால் வரும் வேன், கார் எல்லாம் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிறார்கள். ஆபீஸ் போய்ச் சேரும்போது கை நடுங்குகிறது. நான் பயந்தாங்கொள்ளியா?

இல்லவே இல்லை. ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கும். ஆபத்து தாண்டிய பிறகும் அது உடனே அடங்காது, அதனால்தான் கை நடுங்குகிறது. பயப்படக் காரணமும் இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில், நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள்.

பின்னால் ஒருவர் ஒட்டினால் நம் கை தானாக ஆக்ஸிலேட்டரைத் திருகும். அப்போது முன்னால் இருக்கும் இடைவெளி குறைகிறது. முன்வண்டி பிரேக் போட்டால் நீங்களும் சட்டென்று போட வேண்டும், பின்னால் வருபவரால் நிறுத்த முடியாது. ஆகவே நேர்மாறாகச் செய்யுங்கள். முன்னால் இடைவெளியைக் கூட்டுங்கள். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 22 மீட்டர். இவ்வளவு இடம் இருந்தால் மெதுவாகவே பிரேக் போடலாம், பின்னால் வருபவருக்கும் நேரம் கிடைக்கும். வாய்ப்புக் கிடைத்ததும் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

"இடைவெளி விட்டால் இன்னொருத்தன் நுழைந்துவிடுவானே" என்று என்னிடம் படிக்கிற எல்லோரும் கேட்பார்கள். நுழையட்டும். ஒருவர் நுழைந்தால் நீங்கள் மறுபடி இடைவெளி விட ஆகும் நேரம் இரண்டு விநாடி. போகிற வழியெல்லாம் 15 பேர் நுழைந்தாலும் மொத்தம் அரை நிமிடம்தான் தாமதம். இந்தக் கணக்கை ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். நடுக்கம் பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன்.

என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. சிக்னல் பச்சையானதும் பின்னால் ஹாரன் பறக்கும். அண்ணனின் பெரிய காரை ஓட்டினால் யாரும் அடிப்பதில்லை. இது என் பிரமையா?

பிரமை இல்லை. 1968-இல் அந்தோணி டூப், ஆலன் கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் இதையே சோதித்தார்கள். சிக்னல் பச்சையான பிறகும் நகராமல் நின்றார்கள், ஒரு முறை பளபளப்பான விலையுயர்ந்த காரில், ஒரு முறை பழைய காரில். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்கள்தான் அதிகமாகவும் சீக்கிரமாகவும் ஹாரன் அடித்தார்கள். மாணவர்களிடம் தனியாகக் கேட்டபோதோ, விலையுயர்ந்த காரைப் பார்த்துத்தான் சீக்கிரம் அடிப்போம் என்று ஆண்கள் பலர் சொன்னார்களாம்! எனவே அந்த ஹாரன் உங்கள் ஓட்டும் திறமைக்குக் கொடுத்த மார்க் இல்லை. பச்சை விழுந்ததும் இடமும் வலமும் பார்த்துவிட்டே நகருங்கள். சிவப்பைத் தாண்டி வருகிற கடைசி வண்டி ஒன்று எப்போதும் இருக்கும்.

என் கணவர் வீட்டில் சாது. ஸ்டியரிங் பிடித்தால் வேறு ஆள். கட் அடித்தவரைத் துரத்திப் போய்த் திட்டுகிறார். பின் சீட்டில் இருக்கும் ஐந்து வயதுப் பையன் அந்த வார்த்தைகளைப் பள்ளியில் சொல்லிவிட்டான்.

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது. நானும் இதைச் செய்தவன். பல வருடங்களுக்கு முன்னால் கிண்டியில் ஒரு வேன் என் சைடு மிரரை உரசிவிட்டுப் போனது. மீனம்பாக்கம் வரை துரத்திப் பிடித்து மறித்தேன். இறங்கி நின்றபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. காருக்குள் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் யாரையோ கொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். அன்றைக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.

ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் எத்தனை பேர் இடிக்கிறார்கள்? "சாரிங்க" என்றால் முடிந்தது, முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. காருக்குள் இருந்து "சாரி" சொல்ல வழியில்லை. ஹாரனுக்கு ஒரே குரல்தான், அது திட்டுவது மாதிரித்தான் கேட்கும். முகம் தெரியாத ஆள் வேண்டுமென்றே நம்மை அவமதித்தான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. நாம் கட் அடித்தால் மட்டும் "அவசரம், கவனிக்கவில்லை" என்று நமக்குக் காரணம் இருக்கும்.

வண்டியில் போகும்போது அவரைத் திருத்தப் பார்க்காதீர்கள், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிடும். வீட்டில் அமைதியான நேரத்தில், பையன் சொன்ன வார்த்தையை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு ஏற்பாடு: பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவது, யாராவது கட் அடித்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டு ஸ்டியரிங்கை இறுக்கியிருக்கும் விரல்களைத் தளர்த்துவது. மீண்டும் துரத்தினால் அன்றிலிருந்து பையனை அவரோடு காரில் அனுப்பாதீர்கள். கடுமையாகத் தெரியலாம், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோபம் வீட்டுக்குள்ளும் வர ஆரம்பித்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இரவில் திருத்துறைப்பூண்டி பக்கம் எதிரே வருகிறவர்கள் எல்லாம் பிரைட்டிலேயே வருகிறார்கள். பதிலுக்கு நானும் பிரைட் போட்டால்தான் டிம் செய்கிறார்கள். சரிதானே?

சரியில்லை. பதிலுக்கு பிரைட் போட்டால், கண் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வருகிறீர்கள். ஒரு முறை டிம் அடித்துக் காட்டுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். வேகத்தைக் குறைத்து, பார்வையை அந்த லைட்டிலிருந்து எடுத்து ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள். முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள். அதில் படியும் மெல்லிய அழுக்குதான் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கிறது. நெடுஞ்சாலையின் நடுவில் அரளி வளர்ப்பது இந்த வெளிச்சத்தை மறைக்கவும்தான். இருவழிச் சாலையில் அந்த உதவி இல்லை.

லண்டனில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தேன். எதிரே வந்தவர் லைட்டை மினுக்கினார், வழி விடுகிறார் என்று திரும்பினேன். மயிரிழையில் தப்பினேன்.

நம் ஊரில் அதற்கு "நான் வருகிறேன், நீ வராதே" என்று அர்த்தம். அங்கே வழக்கத்தில் "நீங்கள் போங்கள்" என்பார்கள், ஆனால் அந்த நாட்டு விதிப்புத்தகத்திலும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்ட மட்டுமே மினுக்கலாம் என்றுதான் இருக்கிறது. எந்த ஊரிலும் லைட்டை நம்பாமல் அந்த வண்டியின் வேகம் குறைகிறதா என்று பார்த்துத் திரும்புங்கள்.

ஓவர்டேக் செய்ததற்காக ஒருவர் பைக்கில் பின்தொடர்ந்து வந்து சிக்னலில் கண்ணாடியைத் தட்டினார். நான் தனியாக இருந்தேன். என்ன செய்திருக்க வேண்டும்?

கண்ணாடியை இறக்காதீர்கள், கதவைப் பூட்டுங்கள், அவர் கண்ணை முறைத்துப் பார்க்காதீர்கள். தவறு உங்களுடையதோ இல்லையோ, கையைத் தூக்கி ஒரு மன்னிப்புச் சைகை காட்டுங்கள். பலர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். விடாமல் வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், அவருக்கு உங்கள் வீடு தெரியக் கூடாது. காவல் நிலையமோ, ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள பெட்ரோல் பங்கோ பார்த்து நிறுத்தி 112-ஐ அழையுங்கள். சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுமிடம் தெரிகிற அளவு தள்ளி நின்றால், ஒதுங்கி வெளியே வர இடம் இருக்கும்.

டவுன் பஸ் டிரைவர், 19 வருட சர்வீஸ். இடது பக்கம் பைக்காரர்கள் புகுந்து வருகிறார்கள், ஸ்டாப்பில் ஆட்டோ நிற்கிறது, லேட்டானால் டைம் கீப்பர் கேட்கிறார். சாயங்காலம் தலைவலி. வீட்டில் எரிந்து விழுகிறேன்.

ஐயா, எல்லாக் கடிதங்களிலும் உங்களுடையதைத்தான் மூன்று முறை படித்தேன். மூச்சைப் பிடித்து விடுங்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நெரிசல் கூடிக்கொண்டே போகும்போது ஒரு நடைக்குக் கொடுக்கும் நேரம் மட்டும் கூடாவிட்டால், எந்த மனிதனும் எரிந்துதான் விழுவான். சக ஊழியர்களோடு சேர்ந்து, எந்த நடை எத்தனை நிமிடம் லேட்டாகிறது என்று ஒரு மாதம் தேதி போட்டு எழுதி, நேரத்தைத் திருத்தச் சொல்லிக் கொடுங்கள். எண்ணோடு போகிற மனுவைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

இதைப் படிக்கிற பைக்காரர்களுக்கும் ஒன்று. பஸ்ஸின் சைடு மிரரில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள் தெரியவில்லை. அவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது முன் மூலை அவருக்கு ஏறக்குறைய குருடு. இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்ளே வெட்டி வரும். அந்த இடுக்கில் நுழைந்து நீங்கள் சம்பாதிக்கும் விநாடிகளுக்காக அவர் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு இன்னொரு கேள்வி ஐயா. டெர்மினஸில் கழிவறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறீர்களா? நிறைய டிரைவர்கள் அப்படித்தான். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தலை வலிக்கும், எரிச்சல் வரும். ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாளாகிறது? இந்த வார ஓய்வு நாளில் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு முறை பார்த்துவிட்டு, என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.