வீட்டிலேயே காரைத் தாழ்த்தலாமா? சஸ்பென்ஷன் கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை வீட்டிலேயே தாழ்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் வைத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்ற முடியுமா? மெதுவாகக் கழற்றினால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. பானட்டைத் திறந்தால் பல கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் உச்சியில் சுற்றிலும் இரண்டு மூன்று சிறிய நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சிறியவை ஸ்ட்ரட்டை பாடியோடு பிடித்திருப்பவை. அவற்றையும் கீழ்ப்பக்க போல்ட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் முழுசாக வெளியே வரும். அதுவரை கம்ப்ரஸர் தேவையில்லை. நடுவில் உள்ள நட்டுதான் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. அதை மெதுவாகக் கழற்றினாலும் கடைசி மரை விடும்போது மொத்த விசையும் ஒரே நொடியில் வெளியே வரும். எதிரில் முகம் இருந்தால் முகம் போகும்.

கம்ப்ரஸரின் கொக்கிகளை ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் நேரெதிராக மாட்டுங்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி, கைக்கருவியால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து, கையால் ஆட்டினால் அசைய வேண்டும். அதற்குப் பிறகுதான் நடு நட்டில் ஸ்பேனர் வைக்கலாம்.

கேள்வி: ஜாக் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டாண்டும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. கெட்டியான சமதரையில் ஸ்டாண்ட் வைத்து, காரைக் கையால் தள்ளிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் அடியில் போங்கள்.

கேள்வி: இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் செலவே இல்லையே?

எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஏழும் சுமார் 14 சதவீதம் விறைப்பாகும். அது பெரிய ஆபத்தில்லை. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராததுதான் ஆபத்து. சக்கரம் பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் முழுசாகத் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டே நகரலாம். கேஸ் வெல்டிங்கால் சூடாக்கி உட்காரவைப்பது இன்னும் மோசம்: எஃகின் பதம் கெட்டு, ஸ்பிரிங் நாளாக ஆகத் தொய்ந்துகொண்டே போகும். உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங் வாங்க முடியாவிட்டால், காரை அப்படியே விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு தாழ்த்தலாம்? தரையை ஒட்டிப் போனால்தான் வளைவில் நன்றாகப் பிடிக்கும் இல்லையா?

எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும், அது நல்லதுதான். ஆனால் மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (மேலே ஆர்ம் இல்லாமல் ஸ்ட்ரட்டே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள காரை முன்னால் நின்று குனிந்து பாருங்கள். கம்பெனி உயரத்தில், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பெரும்பாலும் உள்ளிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழே சரிந்திருக்கும். கார் தாழத் தாழ அந்தச் சரிவு குறைந்து, ஆர்ம் படுத்து, பிறகு சக்கரப் பக்கம் மேல்நோக்கித் திரும்பிவிடும்.

வளைவில் காரின் உடல் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்போம். இந்த அமைப்பில் அது ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் காரைச் சாய்க்கும் நெம்புகோலும் நீளும். அதனால் அளவுக்கு மீறித் தாழ்த்திய கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேடுவீர்கள். தெருவில் ஓட்டும் காருக்கு 20 முதல் 30 மி.மீ போதும் என்பது என் கருத்து. ஆர்ம் படுக்கைவாட்டத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி: பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்ளலாமா?

சிறிய இறக்கத்துக்கு, ஷாக் நல்ல நிலையில் இருந்தால் சரி. தாழ்த்திய அளவு முழுவதும் மேல்நோக்கி அசையும் இடத்திலிருந்துதான் போகிறது. சஸ்பென்ஷன் மேலே முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரோடு கார் சீக்கிரமே மோதும், அந்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத கார் மாதிரி நடந்துகொள்ளும். ஸ்பிரிங் செய்தவர் குட்டையான பம்ப் ஸ்டாப் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். ரப்பரை எடுத்துவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள், ஷாக் உள்ளே இடித்துச் சாகும்.

கேள்வி: எல்லாம் சரியாக மாட்டினேன். கொஞ்ச நாளில் கிரீச் சத்தம், புஷ் கிழிந்திருக்கிறது. ஸ்பிரிங் மட்டமா?

ஸ்பிரிங் மேல் தப்பில்லை என்று நினைக்கிறேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கியிருப்பீர்கள். பெரும்பாலான கார்களில் ஆர்மின் மூட்டில் இருக்கும் அந்த ரப்பர் புஷ் உள்ளே சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரைக்கு வந்ததிலிருந்து ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே நிற்கும். புது புஷ் போட்டதும் போல்ட்டுகளைக் கைப்பிடியில் லூசாக விட்டு, ரேம்ப் மேல் ஏற்றியோ வேறு வழியிலோ சக்கரத்தில் காரின் முழு எடையும் வந்த பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

கேள்வி: எவ்வளவு தாழ்ந்தது என்று எங்கே அளப்பது?

சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். வேலைக்கு முன்பே நான்கு மூலையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: டயரின் உள்பக்கம் மட்டும் வேகமாகத் தேய்கிறது. கேம்பர்தானே காரணம்?

தாழ்த்தினால் கேம்பர் மாறி, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது உண்மை. ஆனால் சீக்கிரம் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம். ஸ்டியரிங் ராடின் கோணம் மாறியதில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும், டயர் உருள்வதோடு இழுபட்டும் தேயும். மாட்டியதும் ஒரு அலைன்மென்ட், ஸ்பிரிங் சில வாரம் ஓடிப் படிந்த பிறகு இன்னொன்று. ஹெட்லைட்டையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாகத் தாழ்ந்திருந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.