போர் 2009-இல் முடிந்தும் இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி ஏன் இத்தனை ஆண்டுகள் நீள்கிறது?

சேலம் மாவட்ட மறுவாழ்வு முகாம்களிலிருந்து ஊர் திரும்ப எண்ணும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கண்ணிவெடி என்பது மண்ணுக்குச் சற்றுக் கீழே புதைக்கப்பட்டு, மிதிப்பவரின் பாரத்தாலேயே வெடிக்கும் பொருள்; ஈழத்தில் அதை மிதிவெடி என்பார்கள். சேலத்து மேக்னசைட் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும்போது சங்கு ஊதி ஆட்களை விலக்குவார்கள். மிதிவெடிக்கு முன்னறிவிப்பே கிடையாது, விறகு பொறுக்கும் சிறுவனையும் படைவீரனையும் அது பிரித்தறியாது.

பலவற்றின் உறை பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே உலோகம் மிகக் குறைவு என்பதால், அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உலோகம் காட்டும் கருவியை நுட்பமாக வைத்தால், அது ஆணி, தகரத்துண்டு, தோட்டா உறை என எல்லாவற்றுக்கும் ஒலிக்கிறது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒருவர் மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டுகிறார். கடைசியில் கிடைப்பது துருப்பிடித்த ஓர் ஆணியாகவும் இருக்கலாம். இப்பணியில் போரில் கணவரை இழந்த பெண்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சருகுக்குள் தொலைந்த மூக்குத்தியைத் தேடுவது போன்ற வேலை, ஆனால் இங்கே ஒருமுறைகூடக் கை தவறக் கூடாது.

ஆட்களைத் தாக்கும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017-இல் இணைந்தது.

புதைந்த வெடி நாளடைவில் செயலிழந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவையும் வெடித்திருக்கின்றன.