அரசுப் பயிற்சி நிலையம்: சதுப்பில் கட்டாதீர்கள், பங்களாவை இடிக்காதீர்கள்

கேள்வி: குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் உள்ள ஓர் அரசுத் துறைப் பயிற்சி நிலையத்துக்கு நான் பொறுப்பு. வளாகத்தில் ஆங்கிலேயர் காலத்து பங்களா ஒன்று, 1970களில் கட்டிய இரண்டு விடுதிகள், மேல்புறம் ஒரு சோலைத் துண்டு, கீழே வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் சமதளம். பங்களாவை இடித்துவிட்டு, அந்தச் சமதளத்தில் தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும் கொண்ட புது விடுதி கட்ட வரைபடம் வந்திருக்கிறது. அரசு நிலம், அரசுக் கட்டடம் என்பதால் அனுமதியில் சிக்கல் வராது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புவதிலிருந்து தொடங்குங்கள். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. தரைத்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேல் சரிவுக் கூரை என்பதோடு இடம் தீர்ந்துவிடும். இதுகூடத் தெரியாமல் வரைந்தவர் உங்கள் மலையை வந்து பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

அதைவிடப் பெரிய பிழை, கட்டடத்தைச் சமதளத்தில் வைத்தது. மலையில் மனிதர் வெட்டாத சமதளம் என்றால் பெரும்பாலும் அது தண்ணீர் தங்கும் சதுப்பு. மேலே இருக்கும் சோலையும் புல்வெளியும் பிடித்து வைக்கும் மழை அங்கேதான் கசிந்து இறங்கி, பிறகு மெதுவாக ஓடையாகிறது. கோடையில் கீழேயுள்ள ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) குடிநீர் அந்தக் கசிவை நம்பி இருக்கலாம். மண் கொட்டி மேடாக்கினால் கசிவு நின்றுவிடாது, வேறு பக்கம் வழி தேடும். பல நேரம் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலேயே. ஊட்டியில் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஏரியை மேடாக்கிய நிலத்தில் இருப்பவைதான். கனமழை பெய்தால் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையிலும் நிலச்சரிவுகளிலும் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சாதாரண மழைக்குத் தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்து இங்கே எதையும் கட்ட முடியாது.

சரி, எங்கே கட்டுவது? 1970களின் இரண்டு விடுதிகளும் நிற்கும் இடத்தில். அங்கே சரிவு ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது, பாதை இருக்கிறது, மின்சாரமும் தண்ணீரும் போகின்றன. புதிதாக ஒரு மரத்தையும் தொட வேண்டியிருக்காது. அந்தத் தளம் உறுதியானதா என்று மட்டும் புவியியல் மற்றும் சுரங்கத் துறையிடம் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே உங்கள் வருகைப் பதிவேட்டையும் புரட்டுங்கள். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்? நிதி வந்துவிட்டது என்பதற்காக 300 பேர் உட்காரும் அரங்கம் கேட்பது நம் துறைகளின் பழைய வழக்கம்.

அடுத்து நிலத்தின் ஆவணம். ‘அரசு நிலம்’ என்பது பாதிப் பதில்தான். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் சோலைத் துண்டு எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஆவணத்தில் காடு என்று இருந்தால், யார் பெயரில் இருந்தாலும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே இதைச் சொல்லிவிட்டது. ஆகவே மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘பிரச்சினை இல்லை சார்’ என்றவர் நாளைக்கு மாற்றலாகிப் போயிருப்பார். சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதானே என்று வெட்ட ஆரம்பிக்கவும் வேண்டாம். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள மாவட்டக் குழுவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

இனி அனுமதி. அரசுத் துறைக்கு விலக்கு என்பது தவறான நம்பிக்கை. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, எந்தத் துறையாக இருந்தாலும் கட்டும் முன்பே திட்ட அதிகார அமைப்புக்கு முழு விவரத்தோடு தெரிவிக்க வேண்டும், அது ஆட்சேபிக்கலாம். இங்கே அதோடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், ஆட்சியர் தலைமையில் கட்டட அழகியலைப் பார்க்கும் குழு, வனம், வேளாண் பொறியியல், புவியியல் துறைகளின் தடையின்மைச் சான்று எல்லாம் உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் கீழே என்பதால் மத்திய சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவைப்படாது. ஆலோசகர்கள் இந்த ஒன்றை மட்டும் பெரிதாகச் சொல்வார்கள், மற்றதைச் சொல்ல மாட்டார்கள். சிறப்பு அரசாணை வாங்கி விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 1990களில் கொடைக்கானலில் ஏழு மாடி ஓட்டலுக்குக் கொடுத்த தளர்வை உயர் நீதிமன்றம் ரத்து செய்த கதையை நினைவுபடுத்துங்கள்.

பங்களா விஷயத்துக்கு வருகிறேன். அது மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலோ மாநிலத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்திலோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்க வாய்ப்பு குறைவு. பட்டியலில் இல்லை என்பது இடிக்கக் காரணமாகாது. மாநிலத்தில் 2012ஆம் ஆண்டின் பாரம்பரிய ஆணையச் சட்டமும் இருக்கிறது. அதன்கீழ் என்ன நிலை என்று கேட்டு, கோப்பில் வையுங்கள்.

‘கட்டடம் பலமிழந்துவிட்டது’ என்ற அறிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். இந்த பங்களாக்கள் பெரும்பாலும் சாவது வயதால் இல்லை, தண்ணீரால். கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் இலை அடைத்து, மழைநீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். யாரோ ஒரு நல்ல நாளில் அதன்மேல் சிமென்ட் பூசியிருப்பார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உப்பி உதிரும். மரத்தரைக்குக் கீழே காற்றுப் போக விட்டிருந்த துவாரங்களை, சுற்றிலும் கான்கிரீட் போட்டபோது மூடியிருப்பார்கள். உத்தரங்கள் அதனால்தான் உளுத்துப் போகின்றன. முதலில் கூரைப் பள்ளங்களைச் சுத்தம் செய்து, துவாரங்களைத் திறந்து, சிமென்ட் பூச்சை ஓர் ஓரத்தில் உரித்து, ஒரு மழைக்காலம் கவனியுங்கள். பிறகு பொதுப்பணித் துறையில் பழைய கட்டடங்களுக்கென்றே இருக்கும் பாரம்பரியப் பிரிவை அழைத்து மதிப்பீடு கேளுங்கள். அலுவலகம், நூலகம், இரண்டு வகுப்பறைகள் அதில் தாராளமாக அடங்கும். தங்குமிடமாக்க வேண்டாம், கழிவறைகளுக்காகச் சுவரெல்லாம் உடைக்க வேண்டி வரும்.

ஒப்பந்தப்புள்ளியில் சில நிபந்தனைகளை மறக்காமல் சேருங்கள். விடுதிக் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும். வெறும் செப்டிக் டேங்க் போட்டால் கசிவு நேரே ஓடைக்குப் போகும். தாங்குசுவரில் நீர் வடியும் துளைகளும் பின்னால் ஜல்லி நிரப்பலும் கட்டாயம். சதுப்பைச் சுற்றி மதில் வேண்டாம். காட்டுமாடுகள் போகும் வழியை அடைத்தால் அவை உங்களிடம் பயிற்சிக்கு வருபவர்கள் நடக்கும் பாதைக்குத்தான் வரும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைன் உள்ளே வரக்கூடாது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அதனால் மண் வேலை ஜனவரியில் ஆரம்பித்து மே மாதத்துக்குள் முடிய வேண்டும். அனுமதிகள் அதற்குள் வரவில்லை என்றால் அடுத்த ஜனவரி வரை காத்திருங்கள். மார்ச்சுக்குள் நிதியைச் செலவழிக்க வேண்டுமே என்று தோன்றினால், அந்தப் பணத்தில் பங்களாவின் கூரை வேலையை முதலில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று துறைத் தலைமையிடம் கேட்டுப் பாருங்கள்.